அப்படி ஒரு சொல் இல்லை

மார்கரெட்டின் கதையை அவளுடைய அம்மா போட்ட கூச்சலில் இருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் இவள் ஏதோ கம்ப்யூட்டர் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். பைத்தியம்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது பிடித்தது கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்னால்.

எண்பத்து மூன்றாம் வருஷம். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி, ஊருக்கு வெளியே ஒரு சேரி. அப்பா ஏசுபாதமும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போகிறவர்கள். ஒரு விடியற்காலை, பாயில் இருந்து எழுந்த தம்பி ஜான்சன் காலை உதறிக்கொண்டு அழுதான். பாய்க்கு அடியில் இருந்து ஒன்று நெளிந்து ஓடியது. "எட்டடி வீரியன் கட்ச்சிட்சி, யாராவது வாங்களேன்" என்று அம்மா தெருவுக்கு ஓடினாள். எல்லோரும் வந்தார்கள், அதில் குறையில்லை. ஒருவர் தொடையில் கயிற்றை இறுக்கிக் கட்டினார். ஒருவர் ஏதோ தழையை இடித்துச் சாறு புகட்டினார். மந்திரிக்கிறவரைக் கூட்டிவர ஒருவர் சைக்கிளில் போனார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பையனைக் கொண்டு சேர்த்தபோது மணி பத்து. டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கயிற்றையும் கட்டி, கஷாயத்தையும் ஊற்றி, நேரத்தையும் போக்கிவிட்டு வந்திருக்கிறீர்களே என்றார். கடித்தவுடனே கொண்டு வந்திருந்தால் ஊசி இருந்ததாம்.

மார்கரெட்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அழுதது போக அவளுக்கு ஒரு யோசனை வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று ஏதோ ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் எங்கள் தெருவில் இல்லை. அவ்வளவுதான் அந்த யோசனை. அது அவளை அதற்கப்புறம் விடவே இல்லை.

பத்தாவது முடித்தாள். செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் கற்றாள். டைப்ரைட்டிங் வாத்தியாரே காலம் மாறுவதைப் பார்த்து இரண்டு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டபோது அதையும் கற்றாள். தொண்ணூற்று நான்கில் கல்பாக்கம் நகரியத்தில் ஓர் அலுவலகத்தில் காண்டிராக்ட் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்தக் கதையில் அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. தப்பெல்லாம் மார்கரெட்டுடையது. அதை அவளே உங்களிடம் சொல்லுவாள், கேட்காமலே சொல்லுவாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த முதல் பாடம் வேறு. பக்கத்து மேஜையில் பார்வதம் என்று ஓர் அம்மாள், திருநெல்வேலிப் பக்கம், நல்ல மனுஷிதான். ஒரு நாள் மார்கரெட், "ஃபைலு அங்க கீதுக்கா" என்று சொல்ல, பார்வதம் சிரிப்பை அடக்க முடியாமல், "கீதுன்னா என்ன மார்கரெட், கீதோபதேசமா?" என்று கேட்டுவிட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. பார்வதம் அன்று சாயங்காலமே மறந்திருப்பாள். மார்கரெட் மறக்கவில்லை. நாக்கைத் தேய்த்துக் கழுவாத குறையாகப் பேச்சை மாற்றிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் பஸ் கண்டக்டரிடம்கூட "திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டும்" என்று செய்தி வாசிக்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். கண்டக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். வீட்டில் ஏசுபாதம், "என் பொண்ணு இன்னா பேசுதுன்னே எனக்குப் புரியல" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

சுனாமி வந்து போன அடுத்த மாதம், சர்ச்சுப் பெண்களோடு அரிசியும் பாயும் எடுத்துக்கொண்டு கடப்பாக்கம் போனாள். அங்கே சமுதாயக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் உறை போட்டு நின்றது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போனது. சுவரில் 'இன்டர்நெட் மையம்' என்று பெயின்டில் எழுதியிருந்தார்கள். டெலிபோன் கம்பி வரவில்லை, இன்டர்நெட்டும் வரவில்லை. உறையைத் தூக்கினால் உள்ளே நிஜமான எலி ஒன்று குடும்பத்தோடு இருந்தது. மற்ற பெண்கள் சிரித்தார்கள். மார்கரெட் சிரிக்கவில்லை. புத்தகம் இந்தத் தெருவுக்கும் வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கம்பி வராவிட்டால் போகிறது, கம்பியில் வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஒரு பெட்டியில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். சொல்லச் சுலபமாகத்தான் இருக்கிறது. கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்தாள். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்து லினக்ஸை ஏற்றினாள், ஏழாவது தடவை ஏறியது. சனிக்கிழமை தோறும் செங்கல்பட்டில் சங்கரி என்ற பெண் நடத்திய பிரவுசிங் சென்டரில் மூலை மிஷினைப் பிடித்துக்கொண்டு, மருத்துவம், பாடப் புத்தகம், சட்டம், விவசாயம் என்று பக்கம் பக்கமாக இறக்கி சிடியில் எழுதினாள். பாதி இறங்கும்போது லைன் அறுந்துவிடும், மறுபடி முதலில் இருந்து. தமிழில் கிடைக்காததை இங்கிலீஷில் படித்துத் தானே தமிழில் தட்டினாள். உப்புக் காற்றில் இரண்டு மதர்போர்டு துருப்பிடித்துப் போயின. மூன்றாவதை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, காற்றுக்குச் சின்ன விசிறி போட்டு மூடினாள். கூடத்தில் இருந்து பள்ளிக்கூடத்துக்கும் வாரம் ஒரு நாள் நர்ஸ் வரும் அறைக்கும் மரத்துக்கு மரம் கேபிள் இழுத்தாள். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களுக்கு இந்த சர்வர் முடியட்டும் என்று பதில் சொன்னாள். அவர்கள் சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுகிறவன் என்று நினைத்து அவளுக்காக வருத்தப்பட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தேடுவதில்தான் வந்தது. அன்றைக்குத் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவில் இருந்தது. ஒரு பக்கத்தில் 'அ' என்றிருப்பது இன்னொன்றில் ஏதோ கோழி கிளறினது போல வரும். எந்தத் தேடல் புரோகிராமும் அதில் வேலை செய்யவில்லை. அதனால் மார்கரெட் கையாலேயே ஒரு சொற்பட்டியல் போட்டாள். இந்தச் சொல்லைத் தட்டினால் இந்தப் பக்கம். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். பட்டியலில் இல்லாததைத் தட்டினால் திரையில் 'அப்படி ஒரு சொல் இல்லை' என்று வரும். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, பிழையில்லாமல் இருக்கிறதென்று அவள் திருப்திப்பட்டுக்கொண்டது எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஐந்து தீபாவளிக்குள் பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. பார்த்துக்கொள்ள வசுமதி என்று பிளஸ் டூ முடித்த உள்ளூர்ப் பெண். 'மார்கரெட் பொட்டி' என்று ஊரில் பெயர் வைத்தார்கள். கூடத்துச் சுவரில் மார்கரெட் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்: கை வைத்தியம் வேண்டாம். முதலில் பெட்டியைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அதையே வாயாலும் சொன்னாள். ஜான்சன் கதையைச் சொன்னாள். சொல்லும்போது அழுவாள், கேட்பவர்களும் அழுவார்கள். அப்படித்தான் அந்த ஊர் பெட்டியை நம்பியது. பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஒரு பெண் விதவைப் பென்ஷனுக்கு எழுதும் முறையைப் பார்த்து எழுதி வாங்கினாள்.

வசுமதி ஒரு நோட்டு வைத்திருந்தாள். தட்டிப் பார்த்துக் கிடைக்காத சொற்களை அதில் எழுதி வைப்பாள். பேதி என்று தட்டுகிறார்கள், இல்லை என்கிறது. ஜொரம் என்று தட்டுகிறார்கள், இல்லை என்கிறது. எங்க வார்த்தை எதுவுமே அதுக்குத் தெரியலையாமே என்று கிழவிகள் கேலி செய்கிறார்கள் என்றாள் வசுமதி. மார்கரெட் நோட்டை வாங்கிப் புரட்டினாள். தான் பத்து வருஷம் பாடுபட்டு நாக்கில் இருந்து துடைத்த சொற்கள் வரிசையாக நின்றன. வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று சரியான தமிழில் தட்டச் சொல், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதைச் சொல்லும்போது எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது.

மறு வருஷம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணி. அலுவலக போனில் வசுமதி. எஸ்டிடி பூத்தில் இருந்து பேசினாள், மூச்சிரைத்தது.

"அக்கா, லதாக்காவுக்கு சொறி பட்டுட்ச்சிக்கா. பொட்டியில பாத்து, அது சொன்னா மாதிரியே நல்ல தண்ணி ஊத்தி, சோப்பு போட்டு நல்லா தேச்சிக் கழுவினோம். இப்ப மூச்சு வாங்குது. மூஞ்செல்லாம் வீங்கிகினு கீது."

லதா, செங்கல்வராயன் என்ற மீனவரின் மனைவி. மார்கரெட்டுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் டீ கொண்டுவந்து கொடுப்பவள். சொறிக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும் என்று மார்கரெட்டுக்கு விளங்கவில்லை. எத்தனை நாளாக அரிக்கிறது என்று கேட்டாள்.

"அரிக்கிற சொறி இல்லக்கா. கடல்ல கீற சொறி. கொழகொழன்னு கண்ணாடியாட்டம் இருக்குமே, வலையில மாட்டிகினு வரும். வலைய ஒதறும்போது மூஞ்சில அப்பிக்கிச்சி."

மார்கரெட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. கழனிக்காட்டில் பிறந்தவளுக்குச் சொறி என்றால் தோலில் வருவது. பட்டியலில் அந்தச் சொல்லுக்கு நேரே சிரங்குப் பக்கத்தைப் போட்டிருந்தாள். ஜெல்லிஃபிஷ் என்கிற அந்தக் கடல் பிராணிக்கும் ஒரு பக்கம் இருந்தது, அவளே இங்கிலீஷில் இருந்து எழுதியது. நல்ல தண்ணீர் படவே கூடாது, தேய்க்கவே கூடாது, கடல் தண்ணீரை மட்டும் ஊற்றி ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். அகராதியைப் பார்த்து அதற்கு 'இழுதுமீன்' என்று பெயர் வைத்திருந்தாள். கடப்பாக்கத்தில் ஓர் உயிர்கூட அந்தப் பெயரைச் சொல்லாது.

செங்கல்பட்டுக்கு வேன் பிடிக்கச் சொல்லிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் கர்த்தரிடம் என்னென்ன பேரம் பேசினாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜான்சனை இறக்கிய அதே வாசலில் லதாவை இறக்கினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. இடது கண் இருந்த இடத்தில் வீக்கம் மட்டும் இருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். மார்கரெட் லீவு சொல்லாமல் அங்கேயே கிடந்தாள். அவளால் தாங்க முடியாதது எது தெரியுமா? செங்கல்வராயன் அவளுக்கு நன்றி சொன்னார். தோளில் துண்டோடு வந்து எதிரில் நின்று, நல்ல வேளையா பெட்டி இருந்தது, உடனே பார்த்துக் கழுவிவிட்டோம், இல்லையென்றால் இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ என்றார். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், ஆறி ஆடை படிந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும், சுவடே இருக்காது. அந்த நினைப்பு வந்ததற்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் வார்டு வாசலில் அவரிடம் போனாள். அச்சில் இருக்கிற தமிழ் வாயில் வரவில்லை.

"அண்ணா, நான்தான் தப்பு பண்ணிட்டேன். எங்க ஊர்ல சொறின்னா ஒடம்புல அரிக்குமே, அதான். நீங்க பட்ச்சது அதுக்கு எழுதினது. கடல் சொறிக்கு வேற எழுதி வச்சிருந்தேன், வேற பேரு போட்டு. நல்ல தண்ணியே ஊத்தக் கூடாது, தேய்க்கவே கூடாது."

செங்கல்வராயனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா வாணாம்னு சொல்லிச்சி," என்றார். "தண்ணி ஊத்தாதடா, கடல் தண்ணிய மொண்டுகினு வான்னு கத்திச்சி. நான்தான், நீ சும்மா இரு, பட்ச்சவங்க எழுதிக்கீறாங்கன்னு எங்கம்மாவ வெளிய தள்ளிட்டு, என் கையாலயே தேச்சேன்."

தன் இரண்டு கையையும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ போய்டு" என்றார். மார்கரெட் போகவில்லை. நடையின் அந்தக் கோடியில், ஸ்ட்ரெச்சர் நிறுத்துகிற இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய அம்மா ராஜம் உள்ளே போகும்போதும் வரும்போதும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் சொற்களில் ஒன்றுகூட மார்கரெட்டுக்கும் உதவவில்லை.

ஐந்தாம் நாள் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். தேய்த்ததில் கருவிழி போய்விட்டது, இடது கண்ணில் இனி பார்வை வராது என்றும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மார்கரெட் ஸ்க்ரூடிரைவரும் ஒரு பெரிய பையுமாகக் கடப்பாக்கத்தில் இறங்கினாள். பெட்டியைக் கழற்றி எடுத்துப் போய்விடுவது, அதற்குப் பிறகு இந்த ஊரில் தன் முகத்தைக் காட்டுவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தாள். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கூடத்தைத் திறந்துவிட்ட வசுமதி, கேட்பதற்கு முன்னாலேயே அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள். சுவரில் கொட்டை எழுத்து அப்படியே இருந்தது. மார்கரெட் அதைக் கிழித்தாள்.

பெட்டியை நிறுத்தும் முன் கீபோர்டில் கை வைத்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஜான்சனுக்காகத்தானே இத்தனையும். பாம்புக்கடிக்கு இந்தப் பெட்டியில் பதினோரு பக்கம் இருந்தது, மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக எழுதியது. அந்தப் பக்கத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட நினைத்தாள். பழக்க தோஷத்தில் அந்தப் பாம்பின் புத்தகப் பெயரான 'கட்டுவிரியன்' என்று தட்டப் போனவள் நிறுத்தினாள். அன்றைக்கு விடியற்காலை தெருவில் ஓடிய அம்மாவை மனசுக்குள் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுத்து எழுத்தாகத் தட்டினாள். எட்டடி வீரியன்.

'அப்படி ஒரு சொல் இல்லை' என்றது பெட்டி.

நர்ஸ் அறைவரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். தம்பி செத்தபோதுகூட அவள் இப்படி அழுததில்லை. யாரோ பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். லதா. இடது கண்ணில் கட்டு, கன்னத்தில் கயிறு கயிறாகக் கறுத்த தழும்பு.

"கயட்டிகினு போவப் போறியாமே," என்றாள். "நீ போனா எனுக்குக் கண்ணு வந்துருமா?"

மார்கரெட் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உன்ன மன்னிச்சிட்டன்னு நெனச்சிக்காத. மன்னிக்கல. ஆனா நாளைக்கு இன்னொருத்தி மூஞ்சில அது அப்பும். அவ புள்ள இங்கதான் ஓடியாரும். எழுது. சொறி. பக்கத்துல எங்க மாமியாரு சொன்னதையும் எழுது."

வசுமதியின் நோட்டு வந்தது. பேதி வந்தது, ஜொரம் வந்தது. ராஜமும் வந்து வாசற்படியில் நின்றபடியே, உள்ளே வராமல், திருக்கை முள் குத்தினால் என்ன சொல்வார்கள், விஷமுள்ள பேத்தை மீனைத் தின்றால் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மார்கரெட் தட்டினாள். உச்சி வெயில் வருகிறவரை தட்டினாள். பிறகு புரோகிராமைத் திறந்து, தான் திருப்திப்பட்டுக்கொண்ட அந்த ஒரு வாக்கியத்தை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினாள். 'இந்தச் சொல் எனக்குத் தெரியாது. என்னை நம்பாமல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.'

லதா ஒற்றைக் கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அதைப் படித்தாள். அதற்கு மேலே, தேடும் கட்டத்தில் இன்னும் அழிக்காமல் நின்ற இரண்டு சொற்களையும் படித்தாள்.

"இது இன்னா?"

"பாம்பு," என்றாள் மார்கரெட். "எங்கம்மா வார்த்த. என் தம்பிய கட்ச்சது."

"அத்தயும் எழுது," என்றாள் லதா.